மூன்று நாள் காற்று

என்னுடைய முதல் ஒயினை முதலில் குடித்தது சமையலறைச் சுவர்தான். நள்ளிரவு கடந்த நேரத்தில் எதுவோ தெறித்த ஓசை கேட்டு எழுந்து விளக்கைப் போட்டபோது, 5 லிட்டர் கண்ணாடிக் குடுவையின் வாயைக் காத்துக்கொண்டிருக்க வேண்டிய ஏர்லாக் தரையில் உருண்டு கிடந்தது. உள்ளே எழும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத, நீர் நிரப்பிய சிறு கருவி அது. சுவரில் ஆள் உயரத்துக்கு ஊதாக் கோடுகள் வழிந்துகொண்டிருந்தன. குடுவையின் குறுகிய கழுத்தைத் திராட்சைத் தோல்கள் கெட்டியாக அடைத்திருக்க, அவற்றின் இடுக்குகள் வழியே நுரை இன்னமும் சீறிக்கொண்டிருந்தது. வாளியும் துணியும் எடுத்துவந்து துடைக்க உட்கார்ந்தேன். திராட்சைச் சாயம் வெள்ளைச் சுவரில் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது என்பதை அன்றிரவு தெரிந்துகொண்டேன்.

காற்று பட்டால் ஒயின் கெட்டுவிடும் என்று எங்கேயோ படித்த ஒரு வரியை மட்டும் நான் மனத்தில் பிடித்துவைத்திருந்தேன். ஆகவே பிழிந்த சாற்றையும் தோலையும் கழுத்துவரை நிரப்பி, ஈஸ்ட்டைத் தூவிய அடுத்த நிமிடமே அடைப்பானை இறுக்கி, ஏர்லாக்கைச் செருகி, கடமை முடிந்ததென்று படுக்கப் போய்விட்டேன். அந்தச் சாற்றிலிருந்த சர்க்கரை முழுவதும் நொதித்தால் ஏறத்தாழ 200 லிட்டர் கரியமில வாயு வெளிவரும் என்பதையும், அவ்வளவும் விரல் பருமனுள்ள ஒரு துளை வழியே போயாக வேண்டும் என்பதையும், மிதந்து எழும் தோல்கள் முதலில் போய் அடைப்பது அந்தத் துளையைத்தான் என்பதையும் நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

சுவரைத் துடைத்த பிறகு செய்தது அதைவிடப் பெரிய தவறு. ஏர்லாக்கின் மேல் நம்பிக்கை போய்விட்டதால், தோல்களை வடிகட்டி எடுத்துவிட்டு, குடுவையின் வாயில் ஒரு மெல்லிய துணியை மட்டும் கட்டினேன். நுரைத்துக்கொண்டிருந்தவரை அதனால் கேடில்லை. பத்து நாளில் நுரை அடங்கிய பிறகும் துணியை மாற்றி ஏர்லாக்கைப் போடவில்லை. அதற்கு மேல், காலையிலும் மாலையிலும் துணியை அவிழ்த்து முகர்ந்து பார்ப்பதையும், ஒரு கரண்டி எடுத்துச் சுவைப்பதையும், குடுவையை ஒருமுறை குலுக்கி வைப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் வாடை வந்தது. அது எத்தில் அசிட்டேட் என்ற சேர்மத்தின் வாடை என்பதும், அசிட்டிக் அமிலத்துக்கு முன்னால் ஓடிவரும் தூதுவன் அது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. ஐந்தாவது வாரத்தில் குடுவையில் இருந்தது நல்ல, கூர்மையான காடி, அதாவது வினிகர். 8 கிலோ திராட்சையில் காடி தயாரிக்க வேண்டும் என்று நான் கிளம்பியிருந்தால் அதை ஒரு வெற்றி என்றே சொல்லியிருப்பேன்.

இரண்டு தவறுகளும் ஒரே தவறின் இரு பக்கங்கள் என்பது விளங்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. காற்று தேவைப்பட்ட நாள்களில் நான் அதை அடைத்தேன். காற்றே கூடாத நாள்களில் கதவைத் திறந்துவைத்தேன். ஒயின் தயாரிக்கத் தொடங்கும் ஒருவர் கற்க வேண்டியவை பல. ஆனால் முதலில் கற்க வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், எந்த நாள்வரை காற்றை அனுமதிப்பது, எந்த நாளிலிருந்து மறுப்பது என்பதைத்தான் சொல்வேன். திராட்சை வகையும் ஈஸ்ட் வகையும் ஓக் மரச் சீவல்களும் அதற்குப் பிறகு வரட்டும்.

ஈஸ்ட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது எளிதில் புரியும். ஒயினுக்கும் ரொட்டிக்கும் பயன்படுகிற சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட், காற்று இல்லாமலும் சர்க்கரையை உடைத்து எத்தனால் என்ற ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்கிவிடும். நொதித்தல் என்பது காற்றில்லாத வாழ்க்கை என்று லூயி பாஸ்டர் சொன்னது இதைத்தான். ஆனால் அந்த ஈஸ்ட் பெருகுவதற்குப் புதிய செல்கள் வேண்டும். புதிய செல்லுக்குச் சவ்வு வேண்டும். சவ்வுக்கு வேண்டிய ஸ்டீரால் போன்ற கொழுப்புப் பொருள்களை ஆக்குவதற்குச் சிறிதளவேனும் ஆக்சிஜன் வேண்டும். தொடக்கத்தில் அது கிடைக்காத ஈஸ்ட், ஆல்கஹால் 9 அல்லது 10 விழுக்காட்டை எட்டும்போது தன் சவ்வைக் காத்துக்கொள்ள முடியாமல் தளர்ந்துவிடும். சர்க்கரை மிச்சமிருக்கும்போதே நொதித்தல் நின்றுபோகும். ஆல்கஹால் உண்டாகி முடிந்த பிறகோ கதை தலைகீழ். அப்போது வரும் ஆக்சிஜனுக்காகக் காத்திருப்பது அசிட்டோபாக்டர் பாக்டீரியா. எத்தனாலை அசிட்டிக் அமிலமாக மாற்ற அதற்கு வேண்டியது காற்று ஒன்றுதான். பாக்டீரியாவே இல்லாவிட்டாலும் நிறமும் மணமும் ஆக்சிஜனேற்றத்தால் மங்கும். இத்தனைக்கும், ஒயினை ஒயினாக்குவதே ஆக்சிஜன்தான் என்று 1866-இல் எழுதியவரும் அதே பாஸ்டர்தான். அவர் சொல்லவந்தது, நாள்பட முதிரும்போது மரத்தின் நுண்துளை வழியே மிக மெதுவாகக் கசியும் காற்றைப் பற்றி. காலையும் மாலையும் குடுவையைத் திறந்து குலுக்கும் ஆளை அவர் நினைத்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது முறை 8 கிலோ கறுப்புத் திராட்சையை எடுத்துக்கொண்டபோது குடுவையைத் தொடவே இல்லை. உணவுப் பயன்பாட்டுக்குரிய பிளாஸ்டிக்கில் செய்த 15 லிட்டர் வாளி ஒன்றை எடுத்தேன். காம்புகளை நீக்கி, கையால் மசித்துப் போட்டபோது வாளி பாதிக்குச் சற்று மேல் நிரம்பியது. மீதி இடம் வீணானதல்ல. நுரையும் தோலும் எழுவதற்கான இடம் அது. மசிக்கும்போது விதை நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நசுங்கிய விதையிலிருந்து இறங்கும் கசப்பை எந்த முதிர்ச்சியும் போக்குவதில்லை. மிக்ஸியில் அடித்தால் வேலை எளிதல்லவா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. சோப்பு நுரையில் பளபளக்கும் வாளியில் பாக்டீரியா சௌக்கியமாக இருக்கும். வாளி, கரண்டி, குழாய், துணி என்று சாற்றைத் தொடப்போகும் ஒவ்வொன்றையும் கழுவிய பிறகு, பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் நனைத்து எடுத்தேன். அதே பொருள்தான் மாத்திரை வடிவில் கேம்ப்டன் மாத்திரை எனப்படுகிறது. இங்கிலாந்திலுள்ள சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூரில் 1920-களில் உருவானதால் அந்தப் பெயர். சுமார் 4.5 லிட்டருக்கு ஒன்று என்பது வழக்கமான கணக்கு. நான் இரண்டு மாத்திரைகளைப் பொடித்துக் கலந்து, வாளியைத் துணியால் மூடி, 24 மணி நேரம் விட்டேன். திராட்சைத் தோலில் வந்து ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட்டையும் பாக்டீரியாவையும் மாத்திரையிலிருந்து வெளிவரும் கந்தக டைஆக்சைடு அடக்கிவிட்டு, பெரும்பகுதி காற்றோடு போய்விடும். பொறுமையில்லாமல் உடனே ஈஸ்ட்டைப் போட்டால் அதுவும் சேர்ந்து அடங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தத் தூளை முகத்தருகே கொண்டுபோகக் கூடாது. இல்லாதவர்களும் சன்னலைத் திறந்துவைத்துக்கொள்வது நல்லது.

இந்த 24 மணி நேரக் காத்திருப்பில்தான் ஹைட்ரோமீட்டரை முதன்முறையாக ஒழுங்காகப் பயன்படுத்தினேன். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானியின் உடன்பிறப்பு இது. சர்க்கரை மிகுந்த சாற்றில் உயர்ந்து மிதக்கும். சர்க்கரை குறையக் குறைய அமிழும். அது காட்டுவது ஒப்படர்த்தி, அதாவது நீரை 1.000 என்று கொண்டு அளந்த அடர்த்தி. என் சாறு 1.068 காட்டியது. உண்பதற்காக விற்கப்படும் திராட்சைக்கு இது வழக்கமான அளவுதான். அப்படியே விட்டால் 9 விழுக்காட்டையொட்டிய ஒயின் கிடைக்கும், அது நீண்ட நாள் தாங்காது. 1.090-க்கு உயர்த்த விரும்பினேன். ஒரு லிட்டரில் சுமார் 2.6 கிராம் சர்க்கரை கரைந்தால் ஒப்படர்த்தி 0.001 ஏறும். தோல் போக 5.5 லிட்டர் சாறு இருக்கும் என்று மதிப்பிட்டு, 0.001-ஐ ஒரு புள்ளியாகக் கொண்டு 22 புள்ளிகளுக்கு ஏறத்தாழ 300 கிராம் சர்க்கரையைச் சாற்றிலேயே கரைத்து ஊற்றினேன். முதல் முறை சர்க்கரையைக் கண்ணளவில் போட்டவன் நான். இப்போது அதே வேலை பதினைந்து நிமிட அளவையாலும் ஒரு பெருக்கல் கணக்காலும் முடிந்தது. சர்க்கரையைக் கூட்டினால் போதை கூடும் என்று எண்ணி அள்ளிப் போடுபவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அளவு மீறிய சர்க்கரை ஈஸ்ட்டின் உடலிலிருந்து நீரை வெளியே இழுக்கும்; நொதித்தல் தொடங்காமலே தேங்கும்.

ஈஸ்ட்டுக்கு வருகிறேன். ரொட்டி ஈஸ்ட்டாலும் ஒயின் ஆகும். ஆனால் அது சரியாக அடியில் படியாது, ஆல்கஹால் ஏறும்போது சீக்கிரம் சோர்ந்துபோகும், மணமும் மாவு மணமாகவே இருக்கும். நான் வாங்கியது லால்வின் ஈசி-1118 என்ற உலர் ஈஸ்ட். 18 விழுக்காடு ஆல்கஹால்வரை தாங்கும் என்பதாலும், 10 முதல் 30 டிகிரி வெப்பநிலைவரை வேலை செய்யும் என்பதாலும், புதியவர்களின் பிழைகளை அது பெரும்பாலும் மன்னித்துவிடும். மணத்தில் தனக்கென்று பெரிதாக எதையும் சேர்க்காது என்பதை அதன் குறையாகச் சொல்வோரும் உண்டு. எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது மணமல்ல, மன்னிப்பு. 5 கிராம் பொட்டலத்தை 50 மில்லி வெதுவெதுப்பான நீரில், 35 முதல் 40 டிகிரிக்குள், இருபது நிமிடம் ஊறவிட்டேன். ஊறிய ஈஸ்ட்டை 24 டிகிரியில் இருந்த சாற்றில் சட்டென்று கொட்டவில்லை; இரண்டின் வெப்பநிலையும் 10 டிகிரிக்கு மேல் வேறுபட்டால் ஈஸ்ட் அதிர்ச்சியடையும் என்பதால், ஈஸ்ட் இருந்த கோப்பையிலேயே கரண்டி கரண்டியாகச் சாற்றை விட்டு ஆற்றிய பிறகு வாளியில் சேர்த்தேன்.

அடுத்த நாள் மாலை வாளித் துணியை விலக்கியபோது சாறு கண்ணுக்குத் தெரியவில்லை. தோல்கள் அத்தனையும் மேலே எழுந்து, வாளியின் வட்டத்துக்கு வெட்டிவைத்ததுபோல் ஒரு பாளமாக நின்றன. கையை வைத்தால் ஈரப் பாய்போல் உறுதியாகவும், அடியிலுள்ள சாற்றைவிடச் சூடாகவும் இருந்தது. காதை அருகில் கொண்டுபோனால் மெல்லிய மழை கூரையில் பெய்யும் ஓசை. நீண்ட மரக்கரண்டியால் ஓரத்தில் அழுத்தியபோது பாளம் முதலில் வளைந்து, பிறகு பிளந்து, பிளவின் வழியே இளஞ்சிவப்பு நுரை பொங்கியது. மூக்கை நீட்டியிருந்த எனக்குக் கரியமில வாயு ஊசியால் குத்தியதுபோல் நெற்றிவரை ஏறியது. அன்று முதல் நாளுக்கு மூன்று முறை பாளத்தை அழுத்தி நனைத்தேன். நனையாமல் காயும் தோலில்தான் பூஞ்சையும் காடிப் பாக்டீரியாவும் குடியேறும். நனையும் தோலிலிருந்துதான் நிறமும் துவர்ப்பும் இறங்கும். முதல் மூன்று நாள் இந்தக் கலக்கலே ஈஸ்ட்டுக்கு வேண்டிய காற்றையும் கொண்டுசேர்க்கிறது. வாளிக்கு இறுக்கமான மூடி எதுவும் தேவைப்படவில்லை. பூச்சி நுழையாத துணியே போதுமானதாக இருந்தது. ஓயாமல் எழும் வாயுவே சாற்றின் மேல் ஒரு போர்வையாக நிற்கிறது. அதே காரணத்தால் பெரிய அளவில் நொதிக்க வைப்பவர்கள் காற்றோட்டமில்லாத சிறு அறையையோ நிலவறையையோ தேர்ந்தெடுக்கக் கூடாது. கரியமில வாயு தரையோடு தேங்கும், அதற்கு நிறமும் இல்லை.

மூன்றாம் நாள் இரவு அழுகிய முட்டை நாற்றம் வந்தது. முதல் குடுவையின் நினைவில் எனக்குக் கை நடுங்கியது. ஆனால் இது காடியின் வழி அல்ல. நைட்ரஜன் போதாத ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியேற்றுகிறது, அவ்வளவே. ஈஸ்ட்டுக்கான ஊட்டம் என்று விற்கப்படும் தூளில் முக்கியமாக இருப்பது டைஅம்மோனியம் பாஸ்பேட். உறையில் சொன்ன அளவில் அதைக் கலந்து, காற்று படும்படி நன்றாகக் கிளறிவிட்டேன். மறுநாள் மாலைக்குள் நாற்றம் போய்விட்டது. சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்குள் இந்த ஊட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு கொடுத்தால் ஆல்கஹாலின் நடுவே ஈஸ்ட்டால் அதை உள்ளிழுக்க முடியாது. தேவையற்ற பாக்டீரியாவுக்கே விருந்தாகும்.

குறிப்பேட்டில் எழுதிவைத்த அளவுகள் இவை: முதல் நாள் 1.090, மூன்றாம் நாள் 1.071, ஐந்தாம் நாள் 1.032, ஏழாம் நாள் 1.012. நான்காம் நாளுக்குப் பிறகு கிளறுவதை நிறுத்தி, பாளத்தை மெல்ல அழுத்துவதோடு நின்றேன். ஏழாம் நாள் துணியில் வடித்துப் பிழிந்து, கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி, ஏர்லாக்கைப் பொருத்தினேன். குடுவையில் 5 லிட்டர் போக 300 மில்லி மிஞ்சியது. அதை ஒரு சிறு புட்டியில் ஊற்றி, வாயு வெளியேற இடம்விட்டு மூடி, தனியே வைத்தேன். காற்றின் காலம் அந்த இடத்தில் முடிந்தது. இதற்கு மேல் ஒவ்வொரு முறை அடைப்பானைத் திறப்பதும் ஒயினிலிருந்து கொஞ்சத்தைத் திருடுவதற்குச் சமம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஏர்லாக்கில் எழும் குமிழியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பது புதியவர்களுக்குள்ள இனிமையான நோய். எனக்கும் அது வந்தது. நிமிடத்துக்கு இத்தனை என்று எண்ணி, குறைந்தால் கவலைப்பட்டு, கூடினால் மகிழ்ந்தேன். உண்மையில் குமிழி நம்பகமான சாட்சி அல்ல. நொதித்தல் முடிந்த பிறகும் கரைந்திருக்கும் வாயு வெளியேறும்போது குமிழி வரும். அறை சூடாகி உள்ளிருக்கும் வாயு விரிந்தாலும் வரும். அடைப்பான் சற்றுத் தளர்ந்திருந்தால் கொதியாய் நொதித்துக்கொண்டிருக்கும் குடுவையிலும் ஒரு குமிழிகூடத் தெரியாது. ஹைட்ரோமீட்டர் மட்டும் பொய் சொல்வதில்லை. பதினான்காம் நாள் 0.999, இருபத்துநான்காம் நாள் 0.995, ஒரு வாரம் கழித்தும் அதே 0.995. நீரைவிட இலேசாக ஒயின் எப்படி இருக்க முடியும் என்று அன்று குழம்பினேன். சர்க்கரை போய்விட்டது, அதன் இடத்தில் 0.789 அடர்த்தியுள்ள எத்தனால் வந்துவிட்டது என்று நினைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். தொடக்க அளவிலிருந்து இறுதி அளவைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹாலின் விழுக்காடு ஏறத்தாழத் தெரியும். எனக்குக் கிடைத்தது சுமார் 12.5.

நண்பர்கள் அனைவரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதைக் குடித்தால் கண் போய்விடாதா? பழத்திலுள்ள பெக்டினிலிருந்து நொதித்தலின்போது மெத்தனால் உண்டாவது உண்மை. ஆனால் மிகச் சிறிதளவே. கடைகளில் விற்கும் ஒயினிலும் அது இருக்கிறது. கண்ணையும் உயிரையும் பறித்த நிகழ்வுகளில் பெரும்பாலும் யாரோ மெத்தனாலைக் கொண்டுவந்து கலந்திருப்பார்கள். நொதிக்க வைத்ததைக் காய்ச்சி வடிப்பது முற்றிலும் வேறு வேலை. அதன் ஆபத்து வேறு, பல நாடுகளில் அது குற்றமும்கூட. வீட்டில் ஒயினை நொதிக்க வைப்பதற்கே சில இடங்களில் அனுமதி தேவை என்பதால், திராட்சை வாங்கப் போவதற்கு முன்பு அவரவர் வாழும் இடத்தின் சட்டத்தைப் பார்த்துவிடுவது முறை.

நொதித்தல் முடிந்த குடுவையின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வண்டல் படிந்திருந்தது. செத்த ஈஸ்ட்டும் திராட்சைச் சதையும் சேர்ந்த அந்தக் கெட்டிப் படலத்தின் மேல் ஒயின் நீண்ட நாள் நின்றால் விரும்பத்தகாத மணங்கள் ஏறும். எனவே தெளிவை இறுத்து வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். பழந்தமிழில் தெளிந்த மதுவுக்குத் தேறல் என்று பெயர்; தெளிதலே மதுவின் பெயராகிவிட்ட மொழியில் பிறந்தவனுக்கு இந்த வேலையில் ஒரு தனி ஈடுபாடு வந்ததில் வியப்பில்லை. குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்கிவைப்பதை மட்டும் தவிர்த்தேன். அத்தனை நாள் காத்த சுத்தத்தை ஒரு மிடறு எச்சிலில் இழப்பானேன்? குழாயின் மேல்முனை வண்டலைத் தொடாமலும், கீழ்முனை புதிய குடுவையின் அடியைத் தொட்டுக்கொண்டும் இருந்தன. ஒயின் உயரத்திலிருந்து சலசலவென்று விழாமல், கீழிருந்து அரவமின்றி மேலேறியது. இந்த நேரத்தில் சலசலப்பு என்றால் காற்று என்று பொருள்.

அரை லிட்டர் வண்டலோடு போய்விட்டதால், புதிய குடுவையில் ஒயினுக்கும் அடைப்பானுக்கும் இடையே உள்ளங்கை அகலத்துக்கு வெற்றிடம் விழுந்தது. அது வெற்றிடமல்ல, ஆக்சிஜன் என்பதை நான் கற்றிருந்தேன். தனியே வைத்த சிறு புட்டியிலிருந்து 300 மில்லியை ஊற்றிய பிறகும் 200 மில்லி குறைந்தது. தண்ணீர் ஊற்றினால் மட்டம் ஏறும், ஒயின் நீர்த்துவிடும். கண்ணாடிக் கோலிக்குண்டுகளைக் கிருமி நீக்கி, குடுவையைச் சற்றுச் சாய்த்து, கண்ணாடிமேல் கண்ணாடி மோதாதபடி ஒவ்வொன்றாக உள்ளே உருட்டினேன். சுமார் 90 குண்டுகள் பிடித்தன. ஒவ்வொரு குண்டுக்கும் மட்டம் மயிரிழை உயர்ந்து, கடைசியில் அடைப்பானுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளியில் வந்து நின்றது. ஒரு கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துச் சேர்த்து, குடுவையைக் கறுப்புத் துணியால் சுற்றி, அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

அடுத்த மூன்று மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏர்லாக்கிலுள்ள நீர் ஆவியாகிவிடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிரப்பினேன். அந்த நீர் வற்றினால் அதுவே திறந்த கதவு. பென்டோனைட் களிமண், ஜெலட்டின் என்று விரைவாகத் தெளியவைக்கும் பொருள்கள் உண்டு; நான் எதையும் சேர்க்கவில்லை. குளிர் மிகுந்த நாள்களுக்குப் பிறகு குடுவையின் அடியில் கண்ணாடித் தூள்போல் ஏதோ மினுங்கியதைக் கண்டு, கோலிக்குண்டு உடைந்துவிட்டதோ என்று அரண்டுபோனேன். அது திராட்சையின் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து படிகமாகி இறங்கியது. தீங்கற்றது, கடைப் புட்டிகளிலும் காணப்படுவது. படிகங்களை விட்டு மறுபடி ஒருமுறை இறுத்தேன்.

புட்டியில் அடைக்கும் நாளில் இனிப்புச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. நொதித்து முடிந்த ஒயினிலும் உயிருள்ள ஈஸ்ட் மிதந்துகொண்டிருக்கும். சர்க்கரையைப் போட்டு மூடினால் அது புட்டிக்குள் மறுபடி வேலையைத் தொடங்கும், புட்டி வெடிக்கும். இதைத் தடுக்கச் சேர்க்கப்படும் பொட்டாசியம் சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்வதில்லை, பெருகாமல் தடுப்பதோடு சரி. ஆகவே ஒயின் நன்றாகத் தெளிந்திருக்க வேண்டும், சார்பேட்டும் கேம்ப்டன் மாத்திரையிலுள்ள சல்ஃபைட்டும் இணைந்தே போக வேண்டும். சுவரைத் துடைத்த அனுபவம் கைவசம் இருந்ததால், இனிப்பை அவரவர் கோப்பையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

750 மில்லி புட்டிகள் ஆறு நிரம்பின. தக்கைக்கும் ஒயினுக்கும் இடையே ஒரு விரல் இடைவெளி விட்டு அடைத்து, தக்கை விரிந்து பிடிக்கும்வரை மூன்று நாள் நிற்கவைத்து, பிறகு படுக்கவைத்தேன். குழாயின் முனையில் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எஞ்சியதை ஏழாவது புட்டியில் பிடித்தேன். மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாத அந்தப் புட்டிக்கும் அதே தக்கையைப் போட்டு, மற்றவற்றோடு அதே அலமாரியில் வைத்தேன். கொட்ட மனம் வரவில்லை என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து ஆறில் ஒன்றையும் அந்த ஏழாவதையும் ஒரே மாலையில் திறந்து, ஒரே வடிவமுள்ள இரண்டு கோப்பைகளில் ஊற்றி, வெள்ளைத் தாளின் மேல் அருகருகே வைத்தேன். நிரம்பிய புட்டியின் ஒயின் தாளில் நாவற்பழ நிறத்தில் நிழல் விழுத்தியது. முகர்ந்தால் திராட்சைத் தோலும், சற்றே மிளகும். நாக்கில் இன்னும் முரட்டுப் புளிப்பு, ஓரங்களில் துவர்ப்பு, ஆனால் சந்தேகமில்லாமல் ஒயின். அதே திராட்சை, அதே ஈஸ்ட், அதே குடுவை, அதே நாள் அடைத்த மற்றக் கோப்பை, ஓரத்தில் செங்கல் நிறமாகப் பழுத்து, நறுக்கி வைத்து மறந்துபோன ஆப்பிள் துண்டின் மணத்தோடு இருந்தது.